கூடமா, குளியலறையா?

கிட்டார் வாங்குகிற இளைஞர்களுக்கு எல்லாம் வரிசையாகத்தான் நடக்கிறது. முதல் மூன்று மாதம் விரல் நுனியில் தோல் உரியும். ஆறாவது மாதம் நண்பனின் பர்த்டே பார்ட்டியில் இரண்டு பாட்டு வாசித்துக் கைதட்டல் வாங்கி, மூன்றாவதில் மாட்டிக்கொள்வார்கள். அதையும் தாண்டி ஒரு வருஷம் தாக்குப் பிடித்தவர்களுக்கு அடுத்த வியாதி தொற்றும். 'வீட்டிலேயே ரெக்கார்டிங்!'

எந்த மைக் வாங்கலாம், எந்த விலையில் வாங்கலாம், கம்ப்யூட்டரில் என்ன சாஃப்ட்வேர் போடலாம் என்று ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். வீட்டில் எந்த ரூமில் உட்கார்ந்து வாசிப்பது என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார். காரணம் சுலபம். மைக்கைக் கடையில் வைத்து விற்கலாம். ரூமை விற்க முடியாது. (முடியும். ஆனால் அதற்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போக வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.)

எலெக்ட்ரிக் கிட்டார்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒயரை எடுத்து நேரே மெஷினில் சொருகிவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்துகூட வாசிக்கலாம். அக்கூஸ்டிக் கிட்டார் அப்படியில்லை. அது ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டி இன்னொரு பெரிய பெட்டிக்குள் உட்கார்ந்து சத்தம் போடுகிறது. மைக் கேட்பது இரண்டையும் சேர்த்துத்தான். நீங்கள் ஒரு தரம் மீட்டினால் நாலு சுவரும், தரையும், கூரையும் ஆளுக்கு ஒரு தரம் கூடவே மீட்டுகின்றன. சம்பளம் இல்லாத ஆறு பக்கவாத்தியக்காரர்கள்!

என் அண்ணன் மகனுக்கு இந்த வியாதி முற்றிய நிலை. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வார்த்தை இல்லாமல், வெறும் கிட்டாரில் ஒன்பது உருப்படி சொந்தமாகப் போட்டு வைத்திருக்கிறான். கேட்டேன். ஏழு நன்றாக இருக்கிறது. மிச்சம் இரண்டு அவனுக்கு நன்றாக இருக்கிறது. தை மாதம் அவனை ஹைதராபாத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதே தை மாதம், திருவல்லிக்கேணியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சாவியை பில்டரிடம் கொடுக்க வேண்டும். 'ஜாயின்ட் வென்ச்சர்.' மெட்ராஸ் டெரஸ் கூரை, சிவப்பு சிமென்ட் தரை, நடுவில் முற்றம் எல்லாம் போய், கீழே கார் பார்க்கிங்கோடு நாலு மாடி வரப்போகிறது. வீடு என் அம்மா பேரில் இருக்கிறது. பையனுக்குப் பாட்டி. வயது எழுபத்தொன்பது. கையெழுத்து அவர்தான் போட வேண்டும். போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"சித்தப்பா, இந்த வீட்டுலயே ஒன்பதையும் ரெக்கார்ட் பண்ணிடணும். எந்த ரூம்ல வச்சுக்கலாம், நீங்க வந்து கேட்டுச் சொல்லுங்க."

"ஸ்டூடியோவுக்குப் போயேன்டா. மணிக்கணக்குல வாடகைக்கு விடறாங்களே?"

"கடிகாரம் ஓடுதுன்னு தெரிஞ்சாலே விரல் நிக்க மாட்டேங்குது சித்தப்பா."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று பெரிய பாடகர். 1982-ல் நியூஜெர்சியில் தன் வீட்டு பெட்ரூமில் உட்கார்ந்து, சாதாரண கேசட்டில் நாலு டிராக் பதிகிற ஒரு சின்ன மெஷினை வைத்துக்கொண்டு, கிட்டாரும் மவுத் ஆர்கனுமாகச் சில பாட்டுக்களைப் பதிந்து வைத்தார். சும்மா ஒரு மாதிரிக்குத்தான். பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் முறையாகச் செய்து பார்த்தால், பெட்ரூமில் இருந்த ஏதோ ஒன்று அங்கே வரவே இல்லை. கடைசியில் அந்த கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்று ஆல்பமாக வெளியிட்டார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிட்டாரும் கையுமாக ரூம் ரூமாகப் பெண் பார்க்கக் கிளம்பினோம்.

ரூம் பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். இரண்டு கை போதும். நடுவில் நின்று பளாரென்று ஒரு தட்டு தட்டுங்கள். தட்டின பிறகு என்ன கேட்கிறது என்பதில்தான் விஷயம். 'டர்ர்ர்ர்' என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு வால் நீண்டால், எதிரெதிரே இரண்டு மொட்டைச் சுவர்கள் சத்தத்தைப் பந்தடித்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ஒன்றுமே கேட்காமல் சப்பென்று செத்துப்போனால், அறை எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. இரண்டும் ஆகாது. கொஞ்சமாகச் சிரித்துவிட்டு அடங்கிப் போனால் அது நல்ல இடத்துச் சம்பந்தம்.

நாங்கள் இப்படி ஒவ்வொரு அறையாகத் தட்டிக்கொண்டு வருவதை அம்மா ஊஞ்சலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, பல்லி விரட்டறீங்களா?"

முதலில் மாடி அறை. பையனின் சொந்த ராஜ்யம். பின்னால் சேர்த்துக் கட்டின கான்கிரீட் அறை. பத்தடி நீளம், பத்தடி அகலம், அண்ணாந்து பார்த்தால் கூரையும் பத்தடி. உள்ளே நுழையும்போதே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வாடகைக்கு விட நல்ல அளவு. கிட்டாருக்கு இதைவிட மோசமான அளவு கிடையாது.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான். நம்மூர் வெயிலில் சத்தம் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். சுவருக்குப் போய்த் திரும்ப 6.1 மீட்டர். 345-ஐ 6.1-ஆல் வகுத்தால் 56-க்குச் சற்று மேல். அதாவது, வினாடிக்கு ஏறக்குறைய 56 அதிர்வுள்ள சத்தம் வந்தால் அந்த அறை அதைக் கட்டிக்கொண்டு ஊஞ்சலாடும். அதன் இரண்டு மடங்கு 113-லும் ஆடும், மூன்று மடங்கிலும் ஆடும். இப்போது கிட்டாருக்கு வாருங்கள். அதன் ஐந்தாவது கம்பி, 'ஏ' கம்பி, சரியாகச் சுருதி சேர்த்தால் வினாடிக்கு 110 தரம் அதிர்கிறது. 113-க்கு அடுத்த வீடு!

நீளம் மட்டும் பத்தடி என்றால் ஒரு ஜோடிச் சுவர்தான் இந்த வேலையைச் செய்யும். இங்கே அகலமும் உயரமும்கூட அதே பத்தடி. மூன்று ஜோடியும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. பையன் வாசித்தான். மற்ற கம்பிகள் எல்லாம் மரியாதையாகப் பேச, 'ஏ' கம்பி மட்டும் கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட தாய்மாமன் மாதிரி 'பொம்ம்ம்' என்று எல்லோரையும் மீறிச் சத்தம் போட்டது.

"இதுக்குத்தான் சித்தப்பா ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தான். முட்டை அட்டைகள். மளிகைக் கடையில் சொல்லி வைத்து அறுபது சேர்த்திருக்கிறான். சுவர் பூராவும் ஒட்டினால் சவுண்ட் ப்ரூஃப் ஆகிவிடுமாம்.

உலகம் பூராவும் இளைஞர்கள் இந்த முட்டை அட்டையை நம்புகிறார்கள். எங்கிருந்து வந்த நம்பிக்கையோ! முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. உள்ளே எதிரொலி வராமல் குடிப்பது வேறு. தடுப்பதற்குக் கனம் வேண்டும், காற்றுப் புகாத கதவு ஜன்னல் வேண்டும். ஒன்றரைச் செங்கல் சுவர் தடுக்கும். முட்டை அட்டை ஆட்டோ ஹாரனை என்ன தடுக்கும்? சரி, எதிரொலியையாவது குடிக்குமா என்றால், ரொம்ப மேல் ஸ்தாயியில் மட்டும் ஒரு வாய் குடிக்கும். நம் பிரச்னை கீழ் ஸ்தாயி. 110 அதிர்வுள்ள ஒலியின் ஒரு அலை மட்டுமே மூன்று மீட்டருக்கு மேல் நீளம். அரை அங்குல அட்டையைப் பார்த்து அது சிரித்துவிட்டுப் போகும். தவிர, தீக்குச்சி பட்டால் அறுபதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அத்தனையையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

அடுத்து, எல்லோருக்கும் ஆசை உள்ள இடம். பாத்ரூம்.

பாத்ரூமில் பாடினால் நாம் ஏன் எல்லோரும் எஸ்.பி.பி. ஆகிவிடுகிறோம் என்பது ரகசியம் இல்லை. டைல்ஸ் ஒன்றையும் குடிக்காது. வாங்கினதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். சின்ன அறையாதலால் உடனுக்குடன் கொடுக்கும். குரலில் உள்ள ஓட்டை எல்லாம் அடைபட்டுவிடும். பால் சைமன் சின்ன வயதில் விளக்கை அணைத்துவிட்டு, டைல்ஸ் பதித்த பாத்ரூமில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பாராம். அந்த எதிரொலி பிடித்துத்தான். அவருக்குப் பாட்டு வந்தது. எல்லோருக்கும் வராது, சிலருக்கு ஜலதோஷம்தான் வரும்.

எங்கள் பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தான். நேரில் கேட்க சொர்க்கமாக இருந்தது. ரெக்கார்ட் பண்ணிக் கேட்டால் நரகம். இது ஏன் என்றால், நேரில் நமக்கு இரண்டு காது இருக்கிறது. எது கிட்டார், எது சுவர் என்று மூளை பிரித்துப் பார்த்துவிடும். ஒற்றை மைக்குக்கு அந்த விவரம் போதாது. எல்லாவற்றையும் ஒரே கொழகொழப்பாகப் பிசைந்து கொடுக்கும். ஏழடி நீளம் வேறு. கணக்குப் போட்டால் 80-க்கு மேல். கிட்டாரின் தடித்த 'ஈ' கம்பி 82. மாடியில் தாய்மாமன் என்றால் இங்கே பெரியப்பா.

அதோடு அது ஆறு பேர் உபயோகிக்கிற பாத்ரூம். இரண்டாவது உருப்படியின் நடுவில் என் அண்ணன் கதவைத் தட்டிய தட்டு மைக்கில் அருமையாகப் பதிவாகியிருந்தது. அன்றைக்குப் பதிந்ததில் தாளம் தவறாமல் இருந்தது அது ஒன்றுதான்.

ஸ்டோர் ரூமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய இலவம்பஞ்சு மெத்தைகள், ஜமுக்காளம், அரிசி மூட்டை, கொலுப் பெட்டி, எப்போதோ யாருக்கோ தைத்த ரஜாய். கைதட்டினால் தட்டினது தட்டினவனுக்கே கேட்கவில்லை. பையனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "செம டிரை சவுண்ட் சித்தப்பா!" என்றான். துணியும் பஞ்சும் கிட்டாரின் மினுமினுப்பைத்தான் முதலில் குடிக்கும். கம்பியில் நகம் படுகிற அந்தச் 'சிலீர்' போய்விடும். கீழ் ஸ்தாயி அப்படியே நிற்கும். கேட்டால் யாரோ போர்வைக்குள் உட்கார்ந்து ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது. பேச்சு பதிகிறவர்களுக்கு இந்த அறை தேவலை. புடவை தொங்குகிற பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் உட்கார்ந்து பேசினால் ரேடியோ நிலையம் தோற்றுவிடும். கிட்டாருக்கு வேண்டாம்.

முற்றம்? கூரையே இல்லை என்பதால் மேலே போன சத்தம் திரும்பி வராது. கணக்குப்படி பார்த்தால் ரொம்பச் சுத்தம். ஆனால் சென்னைப் பட்டணத்தின் வானத்துக்கும் மூடி கிடையாதே. பத்து நிமிஷ ரெக்கார்டிங்கில் வந்து போனவர்கள்: காக்கை நாலு, மைக் செட் வைத்த வெங்காய வண்டி ஒன்று, பறக்கும் ரயில் ஒன்று, பக்கத்து வீட்டு குக்கர் (மூன்று விசில்), யாரோ யாரையோ 'ஏய்' என்று கூப்பிட்டது.

மிஞ்சியது கூடம்.

கூடத்தை நாங்கள் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அங்கேதான் டி.வி., ஃபிரிட்ஜ், ஊஞ்சல், பெண்டுலம் கடிகாரம், அம்மா எல்லாம் இருக்கிறார்கள். பகலில் அங்கே ஒரு தும்மலைக்கூடத் தனியாகப் பதிய முடியாது. ஆனால் கைதட்டின உடனே பையன் என் முகத்தைப் பார்த்தான், நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கூடம் லேசாகச் சிரித்துவிட்டு அடங்கியது.

டேப் வைத்து அளந்தோம். பத்தொன்பது அடி, பதினாலு அடி, உயரம் பதினொன்று. ஒன்றை ஒன்று வகுக்காத மூன்று எண்கள். மூன்று ஜோடிச் சுவரும் வேறு வேறு ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்வதால் எந்தக் கம்பிக்கும் தனிச் சலுகை இல்லை. கட்டின மேஸ்திரி ஒலி சாஸ்திரம் படித்திருக்க மாட்டார். மனை இருந்தது அப்படி. மேலே பார்த்தால் தேக்குச் சட்டங்கள், நடுநடுவே செங்குத்தாக அடுக்கின செங்கல், சுண்ணாம்பு. மேடும் பள்ளமுமான கூரை. கான்கிரீட் கூரை சத்தத்தை ஒரே பக்கமாகத் திருப்பி எறியும். இது நாலா பக்கமும் தூவிவிடும். இதே வேலையைச் செய்ய ஸ்டூடியோக்காரர்கள் மரப்பலகையில் மேடுபள்ளமாகச் செய்து காசு கொடுத்து மாட்டுகிறார்கள்.

இன்னொரு பெரிய சமாசாரம், கூடத்தின் ஒரு பக்கம் முற்றத்தைப் பார்த்துத் திறந்திருப்பது. இந்த இடத்தில் ஒரு அமெரிக்கப் புரொபசரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாலஸ் சாபின். 1895-ல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டின ஒரு லெக்சர் ஹாலில், பேசுவது ஒருத்தருக்கும் புரியவில்லை என்று புகார். ஒரு வார்த்தை பேசினால் ஐந்தரை வினாடி சுற்றிச் சுற்றி வந்தது. சரி பண்ணச் சொல்லி இளம் புரொபசரான சாபின் தலையில் கட்டினார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து தியேட்டரிலிருந்து சீட் மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து போட்டு, ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்திவிட்டு, சத்தம் அடங்க எத்தனை வினாடி என்று அளப்பார். மெத்தைகளைக் கூட்டுவார், குறைப்பார், மறுபடி அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளை இருந்த இடத்தில் வைத்துவிடுவார். இப்படிப் பல ராத்திரி. உலகத்தில் இன்றைக்கு எந்த சபா, எந்த தியேட்டர் கட்டினாலும் போடுகிற எதிரொலிக் கணக்கு அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததுதான். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹாலுக்கு ஆலோசனை சொன்னவரும் அவரே.

அந்த சாபின், ஒரு பொருள் எவ்வளவு சத்தத்தைக் குடிக்கும் என்பதற்கு அளவுகோலாக எதை வைத்தார் தெரியுமா? திறந்த ஜன்னலை! வெளியே போன சத்தம் திரும்பி வராது. ஆகவே திறந்த ஜன்னல்தான் நூற்றுக்கு நூறு குடிகாரன். மெத்தை, திரை, மனுஷன் எல்லோரும் அதற்குக் கீழேதான். எங்கள் முற்றம் என்பது பதினாலடி அகலத்துக்குத் திறந்த ஜன்னல். முட்டை அட்டைக்கு அடங்காத கீழ் ஸ்தாயிகூட அந்த வழியாகக் கிளம்பி வெளியே போய்விடுகிறது.

அறையைத் தேர்ந்தெடுத்தால் போதாது, நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ராத்திரி ஒன்றரையிலிருந்து மூன்றரை. பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தியாகிவிட்டது. ஊஞ்சலைக் கழற்றி வைத்தோம். ஃபிரிட்ஜை ஆஃப் செய்ய வேண்டும். ஆஃப் செய்தவர்கள் மறுபடி போட மறந்து, காலையில் பாலை ஊற்றிக் கொட்டுவார்கள். அதற்கு ரெக்கார்டிங் ஆட்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஆபீசுக்குக் கிளம்பும்போது ஞாபகம் வந்துதானே ஆக வேண்டும்?

ஃபேனும் கிடையாது. அதன் 'விர்' மட்டும் பிரச்னை இல்லை. சுற்றுகிற இறக்கைகளில் பட்டுத் திரும்புகிற சத்தம் ஆடி ஆடி வரும். கேட்டால் கிட்டாருக்குக் குளிர் ஜுரம் கண்ட மாதிரி இருக்கும். ஆகவே வேர்வையோடுதான். தோளில் ஒரு துண்டு, ஒவ்வொரு டேக் முடிந்ததும் கம்பியையும் துடைக்க இன்னொரு துண்டு.

கூடத்துக்குள் எங்கே உட்காருவது என்பதில் எங்களுக்குள் சண்டை. பையன், "மூலையில சித்தப்பா. ராபர்ட் ஜான்சன் அப்படித்தான் வாசிச்சார்" என்றான். 1936-ல் டெக்ஸாஸில் சான் அன்டோனியோ ஊர் ஹோட்டல் அறையில் அந்த ப்ளூஸ் மேதையை உட்கார வைத்துப் பதிந்தார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார் என்பது கதை. கூச்சம் என்று ஒரு கட்சி. கூச்சமாவது ஒன்றாவது, மூலைச் சுவர் சத்தத்தைத் திரட்டி முகத்தில் அடிக்கும் என்று தெரிந்து செய்த வேலை என்று ரை கூடர் மாதிரி கிட்டார்காரர்கள் இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சியில்தான் ஓட்டு. ஆனால் அவர் வாசித்தது காட்டமான சங்கதி. பையன் போட்டிருப்பது மெல்லிசு. மூலையில் உட்கார்ந்தால் கீழ் ஸ்தாயி எல்லாம் அங்கே வந்து குவியும். நட்டநடுவும் ஆகாது. சில ஸ்வரங்கள் அங்கே காணாமல் போகும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, முற்றத்துக்கு முதுகைக் காட்டி, பழைய மர நாற்காலியில் உட்கார வைத்தேன். சுழல் நாற்காலி கூடாது. அது வாசிக்க ஆரம்பித்தவுடன் 'கிரீச்' என்று விமர்சனம் சொல்லும்.

மைக் பன்னிரண்டாவது கட்டைக்கு எதிரே, ஒரு அடி தூரத்தில். எல்லோரும் கிட்டாரின் வட்ட ஓட்டைக்கு நேரே வைப்பார்கள், சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்று. அங்கே பெட்டிக்குள் இருக்கிற காற்று 'டொம் டொம்' என்று மூச்சு விடுகிறது. அது மட்டும்தான் பதியும். தூரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பாதி தூரம் நெருங்கினால் கிட்டாரிலிருந்து நேரே வரும் ஒலி நாலு மடங்கு பலமாகும், சுவரிலிருந்து வருவது ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே அறை மோசமென்றால் கிட்டப் போங்கள். அறை நல்லதென்றால் கொஞ்சம் தள்ளி வைத்து அதையும் பேசவிடுங்கள். நாங்கள் ஒன்றரை அடிக்குத் தள்ளிப் போனோம். மைக்கின் முதுகு தெருப்பக்கம் இருக்கட்டும். அந்த ரக மைக் நம் மேனேஜர் மாதிரி. முன்னால் நிற்பவன் சொல்வது மட்டும்தான் காதில் விழும்.

மூன்று ராத்திரியில் ஆறு உருப்படி முடிந்தது. நாலாவது உருப்படியில், கடைசி ஸ்வரம் அடங்குகிற இடத்தில், உள் ரூமிலிருந்து அம்மா இருமியது பதிவாகிவிட்டது. பையன் மறுபடி வாசிக்கிறேன் என்றான். வாசித்தான். விரல் சுத்தமாக இருந்தது, ஆனால் முதல் தரம்தான் சரி. எதை வைத்துக்கொள்வது என்று அவனே தீர்மானிக்கட்டும்.

நாலாவது ராத்திரி அவன் ஒரு பாக்கெட் பலூனோடு வந்தான்.

இந்த வேலை எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவன் சொல்லி அம்மா கேட்கட்டும் என்று சும்மா இருந்தேன். அம்மாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார்.

"யாருக்குடா பொறந்த நாளு?"

"இல்ல பாட்டி. இந்தக் கூடத்துல ஒரு பலூனை உடைச்சா 'டப்'னு ஒரு சத்தம் வருமில்ல? அந்த 'டப்' சுவத்துல எல்லாம் பட்டுத் திரும்பி அடங்கறதுக்குள்ள, இந்தக் கூடம் சத்தத்தை என்னென்ன பண்ணும்கிறது மொத்தமும் அதுல வந்துரும். அதைப் பதிஞ்சு வச்சுக்கிட்டேன்னு வச்சுக்கோ, ஹைதராபாத்துல ஸ்டோர் ரூம் மாதிரி ஒரு பொந்துக்குள்ள உக்காந்து வாசிச்சாக்கூட, கம்ப்யூட்டர்ல ரெண்டையும் சேத்தா, நம்ம கூடத்துல வாசிச்ச மாதிரியே கேக்கும்."

அம்மா யோசித்தார். "ஒறமோர் எடுத்துட்டுப் போற மாதிரியா?"

இந்த விஷயத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இந்த வீட்டுத் தயிர் ஒரு ஸ்பூன். எந்த ஊர்ப் பாலில் ஊற்றினாலும் விடிந்தால் இந்த வீட்டுத் தயிர். பெரிய ஸ்டூடியோக்களில் பலூனுக்குப் பதில், கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயி வரை ஸ்பீக்கரில் ஒரே இழுப்பாக இழுத்து அளப்பார்கள். இன்னும் சுத்தமாக வரும். தேவாலயங்கள், பழைய கச்சேரி ஹால்கள் எல்லாம் இப்படி அளந்து வைக்கப்பட்டு சாஃப்ட்வேரில் கிடைக்கின்றன. வேண்டுகிற ஹாலைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துகொள்ளலாம். திருவல்லிக்கேணிக் கூடம் எந்த சாஃப்ட்வேரிலும் கிடையாது.

உறைமோரில் ஒரு குறை உண்டு. பலூன் எங்கே உடைந்தது, மைக் எங்கே இருந்தது, அந்த ஒரு ஜோடி இடத்துக்கு மட்டும்தான் அது உண்மை. கூடத்துக்குள் நடமாட முடியாது. அதனால் அந்த ஆறு நிஜப் பதிவுகளுக்கு நான் கொடுக்கிற மரியாதையை இதற்குக் கொடுக்க மாட்டேன். இருந்தாலும் தை வரைக்கும்தான் கூடம் இருக்கும்.

கூடத்தில் மூன்று உடைத்தான். இடத்தை மாற்றி மாற்றி. முற்றத்து ஓரம் ஒன்று, மாடிப்படிக்கு அடியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, உடைந்த பிறகு சிரித்தார். தெருநாய் ஒன்று குரைத்து இரண்டு பலூனை வீணாக்கியது. கடைசியில் பாக்கெட்டில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பையன் அதைத் தன் மாடி அறைக்கு என்று எடுத்துக்கொண்டு படியேறினான்.

"அந்த ரூமு கேவலமா இருக்குன்னு நீங்கதானடா ரெண்டு பேரும் சொன்னீங்க?"

"அது என் ரூம் பாட்டி..."

"சமையல் உள்ளுல ஒண்ணு ஒடைடா. அம்பத்தாறு வருஷம் நின்னிருக்கேன்."

பையன் என்னைப் பார்த்தான். எட்டடிக்கு எட்டடி, மேடை பூராவும் கிரானைட், கீழே எவர்சில்வர் பாத்திரம். கிட்டாருக்கு லாயக்கே இல்லாத அறை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்து மைக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அம்மா அடுப்புக்கு எதிரே தான் வழக்கமாக நிற்கிற இடத்தைக் காலால் காட்டினார். அங்கே மைக்கை வைத்து, ஊசியால் குத்தினான். 'டப்' அடங்கின பிறகும் அடுக்கில் இருந்த தட்டு ஒன்று ரொம்ப நேரம் 'ஙீ...' என்று கூடவே பாடிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரில் அந்த ஃபைலுக்கு 'கிச்சன்' என்று பேர் போட்டான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, அதை 'சமையல் உள்' என்று மாற்றச் சொன்னார்.